எந்த யானை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் 1909 ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். பதவியை விட்டு இறங்கிய கையோடு மகனையும் கூட்டிக்கொண்டு போய், இருவருமாக 512 விலங்குகளைச் சுட்டார்கள், அதில் 11 யானைகள் என்று படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. "இன்றைக்கும் பணம் கட்டி உரிமம் வாங்கி இதே கூத்து நடக்கிறதே, வெட்கமில்லையா" என்று நானும் ஒரு வரி சேர்த்தேன்.

என் மைத்துனர் பல வருடங்களாகப் போட்ஸ்வானாவில் கணக்காளராக இருக்கிறார். உடனே பதில் போட்டார்: "இங்கே வந்து ஒரு வருடம் இருந்து பாருங்கள் மாமா, அப்புறம் பேசலாம். வேட்டை இருப்பதால்தான் இங்கே யானை மிஞ்சியிருக்கிறது." குழுவில் அன்றைக்குப் பெரிய சண்டை.

கொன்று ஒன்றைக் காப்பாற்ற முடியுமா? கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டதே, அதுதானே சரி? ஆப்பிரிக்காவில் சுட்ட விலங்குகளின் தலை, தந்தம் எதையும் ஐரோப்பாவுக்குள் விடக் கூடாது என்று கேட்கும் இணைய மனு ஒன்றும் எனக்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

எம். எஸ்.,
மதுரை

அன்புள்ள எம். எஸ்.,

உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் வம்பு.

கென்யாவை முதலில் எடுத்துக்கொள்வோம். 1973-இல் அங்கே 1,67,000 யானைகள் இருந்ததாகக் கணக்கு. 1977-இல் வேட்டையைத் தடை செய்தார்கள். 1989-இல் மிஞ்சியவை சுமார் 16,000. உரிமம் வாங்கிய வேட்டைக்காரர் ஒருவர்கூட இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடங்களில் தந்தக் கும்பல்கள் தானியங்கித் துப்பாக்கிகளோடு சுட்டுத் தள்ளின. சரிவு நின்றது, உலகச் சந்தையின் கதவைச் சாத்திய பிறகுதான். 1989 ஜூலையில் அதிபர் டேனியல் அராப் மோய் நைரோபியில் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். அதே வருடம் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய சைட்டஸ் மாநாடு (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்), ஆப்பிரிக்க யானையை வணிகமே கூடாத முதல் பட்டியலுக்கு மாற்றியது. 2021-இல் கென்யா எண்ணிப் பார்த்தபோது 36,000-க்குச் சற்று மேலே இருந்தன.

வேட்டையை ஆதரிப்பவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, தடையால் என்ன பயன்?" என்பார்கள். அவர்களிடம் தான்சானியாவின் செலூஸ் சரணாலயத்தைக் காட்டுங்கள். பெயரே ஒரு வேட்டைக்காரரின் பெயர், பிரெடரிக் செலூஸ். அதன் பெரும்பகுதியைத் துண்டு துண்டாக வேட்டைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். எழுபதுகளில் அங்கே யானைகள் ஒரு லட்சத்துக்கு மேல். 2013-இல் சுமார் 13,000. உரிமம் பெற்ற துப்பாக்கி காட்டில் உலாவினால் கள்ளத் துப்பாக்கி வராது என்ற வாதம் அங்கேயே படுத்துவிட்டது. வேட்டை நடந்த இடத்திலும் செத்தன, நடக்காத இடத்திலும் செத்தன. தந்தத்தின் விலை, காவலருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா, அதிகாரி கை நீட்டுகிறாரா, இவைதான் முடிவு செய்தன.

போட்ஸ்வானாவுக்கு வருவோம். தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு நிலம். மக்கள்தொகை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தை விடக் குறைவு. யானைகள் 1,30,000. இந்தியா முழுவதும் 2017-இல் எண்ணியபோது 27,312தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வடக்கில் ஒரு விவசாயி விதைத்த சோளத்தை ஒரே இரவில் இழப்பது செய்தியே அல்ல.

ஸ்பெயின் மன்னர் யுவான் கார்லோஸ் யானை சுடப் போய் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது இதே நாட்டில்தான், 2012 ஏப்ரலில். அவருடைய நாட்டில் இளைஞர்களுக்கு வேலை இல்லாமல் ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். காட்டுயிர்களுக்கான உலக நிதியத்தின் ஸ்பெயின் கிளைக்கு அவர்தான் கௌரவத் தலைவர் என்பதை மக்கள் அப்போதுதான் கவனித்தார்கள். தலைவர் பதவி போயிற்று, மன்னர் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டார், இரண்டு வருடத்தில் முடியையும் இறக்கி வைத்தார். ஒரு யானையால் இவ்வளவு.

2014-இல் போட்ஸ்வானாவின் அப்போதைய அதிபர் இயன் காமா வேட்டையை நிறுத்தினார். உலகம் கைதட்டியது. ஒகவாங்கோ பக்கத்துச் சங்குயோ போன்ற கிராமங்கள் கைதட்டவில்லை. வேட்டைக்காரர்கள் கட்டிய பணத்தில் அங்கே வீடுகளுக்குக் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் வந்திருந்தன, சுட்ட விலங்கின் இறைச்சியும் ஊருக்குக் கிடைத்தது. தடை வந்ததும் பணம், இறைச்சி இரண்டும் நின்றன. "சுற்றுலாவை வளர்த்துக்கொள்ளட்டுமே" என்பது சுலபம். சுற்றுலாப் பயணி தண்ணீரும் புல்லும் உள்ள இடத்துக்குத்தான் வருவார். வறண்ட முள்காட்டில் பத்து நாள் நடக்கச் சம்மதிப்பவர், மன்னிக்கவும், பெரும்பாலும் வேட்டைக்காரர்தான். 2019-இல் அடுத்த அதிபர் மசீசி தடையை நீக்கினார். சமீப வருடங்களில் அங்கே ஆண்டுக்கு 400-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் யானை சுட அனுமதி தருகிறார்கள். 1,30,000-இல் நானூறு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதில் இனம் அழிய ஒன்றுமில்லை. நமீபியாவும் இதே வழியில் போனது. 1996-இல் சட்டத்தைத் திருத்தி, பொதுநிலத்தில் இருக்கும் விலங்குகள் மீதான உரிமையை ஊர்க்காரர்களின் அமைப்புகளுக்கே கொடுத்தது. அதற்குப் பிறகு அங்கே யானைகள் கூடின. ஜிம்பாப்வேயில் 1989-இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்துக்கு நோக்கம் அதேதான், ஆனால் பணத்தில் பெரும்பங்கு மாவட்ட மன்றங்களின் மேசையைத் தாண்டவில்லை என்ற புகார் ஓயவில்லை.

2024-இல் ஜெர்மனி, வேட்டைத் தலைகளையும் தந்தங்களையும் இறக்குமதி செய்வதை இன்னும் இறுக்கலாமா என்று யோசித்தபோது, 20,000 யானைகளை அனுப்பி வைக்கிறேன், கூட வாழ்ந்து பாருங்கள் என்றார் மசீசி. விளையாட்டாகச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவருடைய கோபம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

ஆப்பிரிக்காவில் யானையைக் கணக்கில்லாமல் சுட்டவர்கள் யார்? 'கரமோஜோ' பெல் என்று பெயர் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரே ஆயிரத்துக்கு மேல் சுட்டார். மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்துப் படித்த ஆள். நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போன சாமுவேல் பேக்கர், அதற்கு முன் எட்டு வருடம் நுவரெலியாவில் குடியிருந்து இலங்கை யானைகள் மீது கைபழகியவர். இப்படிச் சுட்டுத் தீர்த்த பிறகு, 1900-இல் ஐரோப்பிய அரசுகள் லண்டனில் கூடி ஆப்பிரிக்க விலங்குகளைப் பாதுகாக்க ஓர் ஒப்பந்தம் எழுதின. கையெழுத்திட்டவர்களில் ஓர் ஆப்பிரிக்கர் இல்லை.

கென்யாவின் கிழக்கில் சாவோ என்ற முள்காடு. அங்கே வாட்டா மக்கள் யானை வேட்டையிலேயே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். சாமானியர் வளைக்க முடியாத வில், அகோகாந்தெரா மரத்தைக் காய்ச்சி எடுத்த நஞ்சு பூசிய அம்பு. யானையின் மூச்சு கேட்கும் தூரத்துக்கு நடந்து போய் எய்வார்கள். 1948-இல் சாவோ தேசியப் பூங்கா ஆயிற்று. ஐம்பதுகளின் நடுவில் காப்பாளர் டேவிட் ஷெல்ட்ரிக் எடுத்த நடவடிக்கையில் வாட்டா ஆண்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அதே வருடங்களில் பணம் கட்டிய வெளிநாட்டார் நைரோபியில் உரிமம் வாங்கி, பூங்காவுக்கு வெளியே சட்டப்படி யானை சுட்டுக்கொண்டிருந்தார். ஒரே விலங்கு, ஒரே சாவு. ஒருவருக்குச் சிறை, இன்னொருவருக்குச் சுவரில் மாட்ட ஒரு ஜோடித் தந்தம்.

அம்பு நின்றதும் சாவோவில் யானைகள் பெருகின. மரங்களை முறித்துத் தின்றதில் காடு புல்வெளியாக மாறத் தொடங்கியது. சில ஆயிரங்களைச் சுட்டுக் குறைக்க வேண்டும் என்றார் விலங்கியலாளர் ரிச்சர்ட் லாஸ். இயற்கையே சரி செய்துகொள்ளும் என்றார் ஷெல்ட்ரிக். லாஸ் வெளியேறினார். 1970-71 வறட்சியில் சுமார் 6,000 யானைகள் பட்டினியால் செத்தன. அதிகமும் பிடிகளும் (பெண் யானைகள்) கன்றுகளும். சுட்டிருக்கலாமா, விட்டது சரியா என்று துறைக்காரர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது, அந்த விவாதம் நடந்த அறைகளில் வாட்டாக்களுக்கு நாற்காலி இல்லை என்பது. அதனால்தான் ஐரோப்பாவிலிருந்தோ, மதுரையிலிருந்தோ, என் மேசையிலிருந்தோ ஒருவர் போட்ஸ்வானா விவசாயிக்கு "சுடாதே" என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இதுவரை உங்கள் மைத்துனர் கட்சிதான் பேசியிருக்கிறேன். மற்ற பாதிக்கு வருகிறேன்.

வேட்டைக் கம்பெனிகள் சொல்லும் ஒரு வாதத்தை உங்கள் குழுவிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "இனப்பெருக்க வயது தாண்டிய கிழட்டுக் களிறுகளைத்தான் சுடுகிறோம், கூட்டத்துக்கு நஷ்டமில்லை." இது தவறு. கென்யாவின் ஆம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு யானையையும் முகம் பார்த்து அடையாளம் தெரிந்த ஆய்வு அது. அங்கே தெரிந்தது: களிறுக்கு முறையான மதம் பிடிக்கத் தொடங்குவதே முப்பது வயதை ஒட்டித்தான். அதிகக் கன்றுகளுக்குத் தகப்பனாவது நாற்பதுகளிலும் ஐம்பதைத் தொடும்போதும். தந்தம் சாகும்வரை வளரும். ஆகவே, ஒரு தந்தம் நூறு பவுண்டு, அதாவது 45 கிலோ, தேறும் பெருங்கொம்பன் என்று வேட்டைக்காரர் தேடிப்போவது, தகப்பனாகும் உச்சத்தில் இருக்கும் களிறைத்தான்.

பெரிய களிறு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பர்க் பூங்காவில் யாரும் திட்டமிடாத பரிசோதனை ஒன்று நடந்தது. குரூகர் தேசியப் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கக் கூட்டங்களைச் சுட்டபோது, மிஞ்சிய கன்றுகளை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அந்த இளம் களிறுகளுக்கு உரிய வயதுக்கு வெகு முன்பே மதம் பிடித்தது, பிடித்தது இறங்கவும் இல்லை. தொண்ணூறுகளில் அவை நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, காண்டாமிருகச் சாவும் நின்றது. அதட்ட ஆள் வந்ததும் அடங்கும் பையன்களைப் போலத்தான்.

தந்தத்துக்காகவே தேர்ந்து கொன்றால் இனமே உருமாறும் என்பதற்கு மொசாம்பிக்கின் கொரோங்கோசா சாட்சி. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் தந்தத்துக்கும் இறைச்சிக்குமாகச் சுட்டதில் பத்தில் ஒன்பது யானைகள் போயின. நம் ஊர்ப் பிடிகளைப் போலல்லாமல் ஆப்பிரிக்கப் பிடிகளுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் தந்தமில்லாத பிடிகள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் பாதிக்குத் தந்தமில்லை. இது கள்ளவேட்டை செய்த வேலை, உரிம வேட்டை அந்த அளவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இரண்டும் தேடுவது ஒன்றையே.

ஆகவே நானூறு என்ற எண் எனக்குச் சமாதானம் தரவில்லை. 1,30,000-இல் நாற்பது வயது தாண்டிய களிறுகள் ஒரு சிறு பங்குதான், நானூறும் அந்தப் பங்கிலிருந்துதான் அதிகம் எடுக்கப்படும். வயலுக்குள் வந்து தொல்லை தரும் யானையைச் சுடுவது ஒன்று. நூறு பவுண்டுக் கொம்பனைத் தேடிப் பிடித்துச் சுடுவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பேசுவதால்தான் உங்கள் குழுவில் சண்டை தீரவில்லை.

மிக மோசமான உதாரணம் கிளிமஞ்சாரோவின் அடிவாரத்தில் நடந்தது. ஆம்போசெலியின் களிறுகள் கென்ய எல்லை தாண்டித் தான்சானியாவின் எந்துய்மெட் பகுதிக்குப் போய்வரும். தொண்ணூறுகளின் நடுவில் அப்படிப் போன சில களிறுகளை அங்கே சுட்டதில் பெரிய கூச்சல் எழுந்து, எல்லையோரம் சுடுவதில்லை என்று இரு நாடுகளுக்கும் இடையே ஓர் ஏற்பாடு வந்தது. எழுத்தில் இல்லாத ஏற்பாடுதான், ஆனாலும் முப்பது வருடம் போலத் தாக்குப்பிடித்தது. 2023 செப்டம்பர் முதல் சில மாதங்களுக்குள் குறைந்தது ஐந்து களிறுகளை அங்கே சுட்டார்கள். பிறந்த நாள் முதல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த யானைகள் உலாவும் இடம் அது. அவற்றைப் பார்க்கவே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து கென்யப் பக்கத்து மசாய் மக்களுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே ஏழை விவசாயி, எண்ணிக்கை, வறண்ட நிலம் எந்த வாதமும் செல்லாது. நூறு பவுண்டுத் தந்தத்தோடு உயிரோடு இருக்கும் களிறுகள் ஆப்பிரிக்கா முழுவதிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன.

உங்கள் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நமீபியாவின் ஊர்ச்சங்கத்தையும் எந்துய்மெட்டையும் அது ஒரே கயிற்றில் கட்டுகிறது. எல்லையோர ஏற்பாட்டைச் சட்டமாக்கும்படி தான்சானியாவைக் கேட்கும் மனு வந்தால் அனுப்புங்கள், முதல் ஆளாகப் போடுகிறேன்.

மைத்துனரிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள். சுடப்படும் களிறின் வயதை அங்கே சுடுவதற்கு முன்னால் யார் பார்க்கிறார்கள்? கட்டும் பணத்தில் கிராமத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? கணக்காளர்தானே, இரண்டாவதற்காவது சரியான தொகையோடு பதில் வரும். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடலாம்.