மதுரையில் எதை, எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரைக்குச் சாப்பிடப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலோர் ‘எந்தக் கடை?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது. அது தப்பினால் பேர்போன கடைக்குப் போயும் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அதனால் பதில்களில் கடைப் பெயரோடு மணியும் சேர்ந்தே வரும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலையில் வந்து அன்று இரவே திரும்புகிறோம். நாலு பேர், எல்லாம் சாப்பிடுவோம். ஒரே நாளில் என்னென்ன முடியும்? (சென்னை)

நாலு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. எதை வாங்கினாலும் பகிர்ந்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். ஒரு நாளில் ஏழெட்டு இடம் பார்க்க இது ஒன்றுதான் வழி.

ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டில் காபி குடித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுங்கள். காலையில் கூட்டம் குறைவு. வெளியே வரும்போது எட்டு மணி ஆகியிருக்கும், பசியும் வந்திருக்கும். மேலமாசி வீதி முருகன் இட்லி கடையில் ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு பொடி, மேலே நல்லெண்ணெய். அதோடு எழுந்துவிடுங்கள். இன்னும் ஒரு பொங்கல் சொல்லலாம் என்று கை துடிக்கும், விட்டுவிடுங்கள். மதியம் இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ஒரு மெஸ். குமார் மெஸ், சந்திரன் மெஸ், அம்மா மெஸ் மூன்றும் வெளியூர்க்காரர்களுக்குத் தைரியமாகச் சொல்லக்கூடியவை. பிரியாணிதான் வேண்டும் என்றால் கீழவெளி வீதி அம்சவல்லி பவன். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். நாலரைக்கு மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம், காரச் சட்னியோடு. அப்புறம் வீதியைச் சுற்றி நடந்தே விளக்குத்தூணுக்கு வந்து ஜிகர்தண்டா. ஏழு மணிக்குச் சிம்மக்கல்லில் கறி தோசை, நாலு பேருக்கு இரண்டு போதும். ரயில் ஏறுவதற்குமுன் நிலையத்துக்கு எதிரே பிரேமவிலாஸில் சுடச்சுட அல்வா.

இதில் மெஸ்ஸுக்கு மட்டும் ஆட்டோ தேவைப்படலாம். மற்றதெல்லாம் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள்ளும் அவற்றை ஒட்டியும் இருப்பவை. நடந்துவிடலாம், நடந்தால்தான் அடுத்ததற்கு வயிறு இடம் கொடுக்கும்.

ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்ததும் தட்டு நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில் மூன்று மடங்கு. இது நியாயமா? (ஓசூர்)

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்களை ஏமாற்றுவதற்காகச் செய்ததாக இருக்காது, மதுரை மெஸ்களின் பழக்கமே அது. மெனு அட்டை கொடுப்பதற்குப் பதிலாக அன்றைக்குச் செய்ததையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கி எடுத்து வந்து காட்டுவார்கள். மட்டன் சுக்கா, ஈரல், குடல், மூளை, ரத்தப் பொரியல், கோலா உருண்டை, நண்டு, காடை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. உள்ளூர்க்காரர் தட்டைப் பார்த்து விரலால் இரண்டைக் காட்டுவார், மற்றது அடுத்த மேசைக்குப் போய்விடும்.

நீங்களும் அப்படியே செய்யலாம். “அண்ணே, இது எவ்வளவு?” என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு சுக்கா, ஒரு கோலா உருண்டை போதும். சாதத்துக்கு ஊற்றும் குழம்பு வகைகள் பல மெஸ்களில் சாப்பாட்டு விலையிலேயே அடக்கம். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று வரிசையாக வரும்போது கொஞ்சம் கொஞ்சம் சாதம் ஒதுக்கி எல்லாவற்றையும் ஊற்றிப் பாருங்கள். எனக்குத் தட்டில் வருவதைவிட இந்தக் குழம்புகளில்தான் மெஸ்ஸின் கைமணம் தெரிகிறது.

இரண்டரைக்கு மேல் போகாதீர்கள். நான் ஒருமுறை வெளியூர் நண்பரை மூன்றேகாலுக்கு அழைத்துப்போய் ரசமும் மோரும் சாப்பிட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கறி தோசை என்பது கைமா வைத்த தோசைதானே? ஏன் இவ்வளவு பேச்சு? (பெங்களூரு)

மசால் தோசை மாதிரி உள்ளே வைத்து மடிப்பதாக நினைத்திருக்கிறீர்கள். கல்லுக்கு அருகில் நின்று ஒருமுறை பாருங்கள். மாஸ்டர் மாவைத் தடிமனாக, ஊத்தப்பம் அளவுக்கு ஊற்றுவார். அது பாதி வேகும்போதே மேலே முட்டையை ஊற்றிப் பரப்புவார். முட்டை இறுகத் தொடங்கும் நேரத்தில், ஏற்கெனவே மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளிப் போட்டு, கரண்டியின் அடியால் ஓரம்வரை தடவுவார். சுற்றிலும் எண்ணெய். பிறகு ஒரே வீச்சில் திருப்பிப்போட்டு, தோசைத்திருப்பியால் அழுத்துவார். அப்போது கறியில் இருக்கும் ஈரம் சுண்டி, ஓரங்கள் மொறுமொறுவென்று கருகும். அந்தக் கருகல் வாசம் சாலைக்கு வரும். கீழே மெத்தென்ற தோசை, நடுவே முட்டை, மேலே லேசாகப் பொறுபொறுத்த கறி என்று மூன்று அடுக்கும் ஒட்டிக்கொண்டு ஒரே பண்டமாக ஆகிவிடும்.

கோனார் என்ற பெயரில் இப்போது ஊரெங்கும் கடைகள். மதுரைக்காரர் பேச்சில் ‘கோனார் கடை’ என்றால் சிம்மக்கல்தான். பொழுது சாய்ந்தபிறகு போங்கள், கல் நன்றாகக் காய்ந்திருக்கும். பார்சல் வாங்க வேண்டாம். பொட்டலத்துக்குள் கால்மணி நேரம் இருந்தாலே மொறுமொறுப்பு போய், ஊறிப்போன தோசைதான் மிஞ்சும்.

எல்லாக் கடையிலும் ‘ஒரிஜினல் ஜிகர்தண்டா’ என்று போட்டிருக்கிறது. எது உண்மை? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, குடிக்கலாமா? (தஞ்சாவூர்)

விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஃபேமஸ் ஜிகர்தண்டா 1977-லிருந்து நடக்கும் கடை. பழகிய நாக்குக்கு அதுதான் அளவுகோல். பலகையைவிடப் பாலைப் பாருங்கள். மணிக்கணக்காகக் காய்ச்சிச் சுண்டவைத்த பாலில் ஓர் இளம் பழுப்பு நிறம் வந்திருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் அது சாதாரணப் பால், அடுத்த கடைக்குப் போகலாம். டம்ளரில் முதலில் கடல்பாசி அல்லது ஊறவைத்த பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டிய பால், கடைசியில் கடையிலேயே செய்த ஐஸ்கிரீம். பெரிய டம்ளர், ஸ்பெஷல் என்று போனால் பாசந்தி, கோவா எல்லாம் சேர்ந்து திகட்டிவிடும். சாதா டம்ளர்தான் என் தேர்வு. ஜிகர் என்றால் உருதுவில் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் நாலு மணிக்குக் குடித்தால் பெயருக்கு அர்த்தம் தெரியும்.

உங்களுக்கு வேண்டாம் ஐயா. சர்பத்தில் சர்க்கரை, பாலில் சர்க்கரை, ஐஸ்கிரீமிலும் சர்க்கரை. வீட்டில் யாராவது வாங்கினால் ஒரு கரண்டி ருசி பாருங்கள், அதற்கு மேல் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். உங்களுக்கு நீர்மோர் நிறைய இருக்கிறது.

(அந்த விளக்குத்தூணையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தியது. அந்தச் சுவரை இடித்த பிறகு வந்தவைதான் இன்று நாம் பிரியாணிக்கும் அல்வாவுக்கும் போகிற வெளி வீதிகள்.)

அம்மா அப்பா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சைவம். அதிகம் நடக்க முடியாது. (நாகர்கோவில்)

கோயிலுக்கு மேற்கே, டவுன்ஹால் ரோடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும் சேரும் பகுதியில் தங்குங்கள். சபரீஸ் போன்ற சைவ உணவகங்கள் படியிறங்கினால் இருக்கும். காலையில் இட்லி, மதியம் அளவான சாப்பாடு, மாலையில் வெள்ளையப்பம். வெள்ளையப்பம் மெத்தென்று இருக்கும், பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். காரச் சட்னி உண்மையிலேயே காரம், தேங்காய்ச் சட்னியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தி சாயும் நேரத்தில் தெருவோரம் பெரிய பாத்திரத்தோடு பருத்திப்பால் விற்பவர் இருப்பார். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவு, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது. சூடாக, கஞ்சிப் பதத்தில் இருக்கும். வயதானவர்களுக்குச் சளி, நெஞ்சுக்கட்டு என்றால் எங்கள் வீட்டில் முதலில் வாங்கி வருவது இதைத்தான். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

தூங்கா நகரம் என்கிறார்களே, இரவு பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினால் சாப்பாடு கிடைக்குமா? (துபாய்)

கிடைக்கும். மாட்டுத்தாவணி, பெரியார் பேருந்து நிலையங்களைச் சுற்றி பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்கும், இட்லி வண்டிகளும் நிற்கும். பல காலமாக இந்த ஊரில் ராத்திரி வேலைக்காரர்கள் அதிகம். ஆலைகளில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள், காய்கறி லாரியில் மூட்டை இறக்கியவர்கள், விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். அவர்கள் பசிக்காக வந்த கடைகள்தான் இவை. அந்த வண்டிகளில் இட்லிக்குக் கறிக்குழம்பு ஊற்றுவார்கள். குடல் குழம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

எல்லா இரவும் ஒரே மாதிரி இருக்காது, சீக்கிரம் அடைக்கிற நாளும் உண்டு. பசியோடு குழந்தைகள் கூட இருந்தால் வரும் வழியிலேயே சாப்பிட்டு விடுங்கள்.

அயிரை மீன் குழம்புக்கு ஏன் இந்த விலை? (திருப்பூர்)

விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன் அது. கண்மாயிலும் ஓடையிலும் மணலுக்குள் இருக்கும், தண்ணீர் ஓடினால்தான் கிடைக்கும். உயிரோடு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாலில் விடுவார்கள். பாலைக் குடித்துத் தன் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, வழவழப்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். என் பாட்டி இதற்கே ஒரு காலைப்பொழுதைச் செலவழிப்பார். வெட்டுவதில்லை, முழுசாகவே புளிக்குழம்பில் போட்டு, முள்ளோடு மென்று சாப்பிடுவது. இவ்வளவு பாடு இருக்கும்போது விலை குறையாது.

கொடுத்த காசுக்கு மீன் வேண்டும் என்றால் மழைக்காலத்துக்குப் பிறகு வாருங்கள். கோடையில் கிடைத்தால் இரண்டு முறை யோசித்து வாங்குங்கள்.

பிள்ளைகள் காரம் தொடமாட்டார்கள். (புனே)

பன் பரோட்டா வாங்கிக் கொடுங்கள். ஆவின் சிக்னல் பக்கம் அதற்கென்றே பேர்பெற்ற கடை இருக்கிறது. பன் மாதிரி உப்பி, உள்ளே பஞ்சு அடுக்காக இருக்கும். சால்னா வேண்டாம், சர்க்கரை தொட்டுக்கொள்ளட்டும். ஆப்பம், இடியாப்பம், தேங்காய்ப்பால் இரவு வேளையில் எங்கும் கிடைக்கும்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம். அசைவ மெஸ் பட்டியல் தரமுடியுமா? (கோவை)

அந்தச் சில நாட்களுக்கு மெஸ்ஸை மறந்துவிடுங்கள். ஊரே பந்தல் போட்டு உங்களுக்குச் சோறு போடக் காத்திருக்கும்போது எதற்குக் கடை? மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி மக்கள் வரிசையில் நின்று மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுவார்கள். நீங்களும் எழுதுங்கள், எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம், புளியோதரை. கையில் ஒரு டம்ளர் மட்டும் கொண்டுவாருங்கள்.

திருவிழா முடிந்ததும் இருபது கிலோமீட்டர் தள்ளி அழகர்கோயிலுக்குப் போனால் பிரசாத தோசை கிடைக்கும். தோல் நீக்காத உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து, நெய்யில் வேகவைத்தது. தடிமனாக இருக்கும், ஒன்றை நாலாகப் பிய்த்துச் சாப்பிடலாம்.

ஊருக்கு என்ன வாங்கிப்போகலாம்? (மும்பை)

அல்வா நாலைந்து நாள் தாங்கும். ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள், கூடவே காராச்சேவு. ஜிகர்தண்டாவைப் புட்டியில் அடைத்து எடுத்துப்போக நினைக்காதீர்கள், வழியிலேயே எல்லாம் கரைந்து வெறும் இனிப்புப் பாலாகிவிடும்.

இது சாப்பாடு இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டிய சரமாக வாங்காமல் அன்று காலை பறித்த மொட்டாகவே வாங்கி, வாழையிலையில் மடித்து எடுத்துப்போங்கள். இரவு ரயிலில் பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் பெட்டி முழுவதும் மணக்கும்.