512 யூனிட்டும் 35 நாள் சிலிண்டரும்
வீட்டுச் செலவு: வாசகர் கேள்வி பதில்

எங்கள் வீட்டில் வழக்கமாக 470 யூனிட் ஓடும். இந்த முறை 512. கூடுதலாக ஓடியது 42 யூனிட்தான், ஆனால் கரன்ட் பில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. மீட்டரில் கோளாறா? (வாசகி, திருச்சி)

மீட்டரில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விகிதம், தாண்டினால் வேறு விகிதம். 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. 501 ஆனதும் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன்பின் விகிதங்கள் மாறியிருப்பதால், உங்கள் கணக்கை இப்போதைய விகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எனவே ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சரியாக 30-ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 250-க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த மாதம் கவனம் தேவை. நாளொன்றுக்கு 8 யூனிட் என்றால் 60 நாளில் 480. ரீடிங் எடுக்க நான்கைந்து நாள் தாமதமானாலே கோட்டைத் தாண்டிவிடும் என்பதால் 480-ஐ இலக்காக வையுங்கள்.

எது இழுக்கிறது என்று கண்டுபிடிக்க மீட்டரே போதும். அதில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பக்கத்தில் 3200 அல்லது 1600 என்று ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை மினுக்கல் என்று பொருள். முதலில் மெயினை ஆனில் வைத்து, வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்குகளையும் கழற்றுங்கள். அப்போதும் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியதுதான். மினுக்கவில்லை என்றால் ஒவ்வொரு சாதனமாகப் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். அதை 60,000-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்தால் வாட் கிடைக்கும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 முறை என்றால் 300 வாட்.

இப்படிச் சோதிக்கும்போது பலரும் எதிர்பார்க்காத இடத்தில் மாட்டுவது பழைய இன்வெர்ட்டர் பேட்டரி. தேய்ந்துபோன பேட்டரி முழுச் சார்ஜ் ஏறாமல் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் சூடாக இருக்கும், டிஸ்டில்டு வாட்டரும் சீக்கிரம் குறையும்.

அடுத்தது ஹால் ஃபேன். 75 வாட் பழைய ஃபேன் நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 25 யூனிட். அதை மட்டும் மாற்றினாலே உங்கள் 512, 474 ஆகிவிடும். மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் தன் விலையை எடுத்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரோடு ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு கெட்டுவிடும். படுக்கையறை ஃபேனை உடனே மாற்ற வேண்டாம். எட்டு மணி நேரமே ஓடும் ஃபேனுக்குப் போட்ட காசு திரும்பி வர நாளாகும்.

45 நாள் வந்த சிலிண்டர் இப்போது 35 நாளில் தீர்ந்துவிடுகிறது. சமையலில் எந்த மாற்றமும் இல்லை. (வாசகி, மதுரை)

முதலில் எடை. வீட்டுச் சிலிண்டரில் இருக்க வேண்டிய வாயு 14.2 கிலோ. காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். 15.6 என்று இருந்தால் மொத்தம் 29.8 கிலோ இருக்க வேண்டும். கொண்டுவருபவரிடம் வாசலிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

எடை சரி என்றால் கசிவைப் பாருங்கள். சோப்பு நுரையை ரெகுலேட்டர் பொருந்தும் இடம், டியூபின் இரு முனைகள், அடுப்புக் குழாய் மூன்றிலும் தடவுங்கள். குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பர்னர்தான். சுடர் மஞ்சளாக எரிகிறதா? பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா? பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் துளைகளை அடைத்திருக்கும். பித்தளை பர்னரைப் புளி கரைத்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுங்கள். தீக்குச்சியால் குத்தினால் அது உள்ளே ஒடிந்து நின்றுவிடும். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள், இல்லையேல் சுடர் படபடத்து அணையும்.

குக்கரில் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போனால் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம், மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள். துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். அதற்குமேல் தீயைக் கூட்டினாலும் குக்கருக்குள் சூடு ஏறப்போவதில்லை, ஆவிதான் வெளியே போகும்.

பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் லாபம்தானே? (வாசகர், சேலம்)

எப்போதும் இல்லை. பாக்கெட்டில் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கும், கூடிய பாக்கெட்டில் கிலோ கணக்கும் இருப்பதால்தான் குழப்பம். சின்னதில் 0.28 என்று இருந்தால் கிலோ 280 ரூபாய். அதைப் பெரியதோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் வாங்கும்போது அளவைக் கட்டாயம் படியுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே இருக்கும் 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் கடையில் உண்டு.

மாதச் செலவை எழுதித்தான் வைக்கிறோம். ஆனாலும் ஜூன் மாதமும் தீபாவளி மாதமும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. (வாசகி, ஈரோடு)

பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறை இருமுறை வரும் செலவுகள் உங்கள் நோட்டில் இல்லை, அதுதான் காரணம். அவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: பள்ளிக் கட்டணம் 36,000, தீபாவளி 15,000, இன்சூரன்ஸ் 12,000, பொங்கல் 6,000, வண்டி 5,000, வீட்டு வரி 4,000. மொத்தம் 78,000. மாதம் 6,500 ரூபாய் எடுத்து வைத்தால் போதும்.

இதைப் பலர் ஜனவரியில் தொடங்கி, ஜூனில் பணம் பற்றாமல் போனதும் கைவிட்டுவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம் கட்டி முடித்த ஜூலையில் தொடங்குங்கள். அக்டோபருக்குள் 26,000 சேர்ந்திருக்கும், தீபாவளியைத் தாங்கும். பணத்தை ஏடிஎம் கார்டோ ஜிபேயோ இணைக்காத தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் இருக்கும் கணக்கிலேயே விட்டுவைத்த பணம் தங்காது. வீட்டு வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

தெருவில் ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதம் 5,000. மூன்றாம் மாதமே எடுக்கலாமா? (வாசகர், திருப்பூர்)

மூன்றாம் மாத ஏலத்தில் 30,000 தள்ளுபடிக்குச் சம்மதித்து எடுத்தால் கையில் கிடைப்பது 70,000. தள்ளுபடியில் 5,000 நடத்துபவர் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், மீதி 25,000-ஐ 20 பேருக்குப் பிரித்து அந்த மாதத் தவணையில் ஆளுக்கு 1,250 கழிவு வரும். அதற்குப் பிறகு 17 தவணை பாக்கி இருக்கிறது. ஆகவே இது உங்களுக்குச் சேமிப்பு அல்ல, கடன். அவசரத் தேவை இல்லையென்றால் கடைசி மாதங்கள்வரை பொறுத்திருப்பவருக்குத்தான் இதில் லாபம்.

ஆனால் அப்படிக் காத்திருக்க, சீட்டு நடத்துபவர் நம்பகமானவராக இருந்தால் மட்டும் போதாது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். பதிவுச் சீட்டில் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் கட்டியிருப்பார், கமிஷனும் 7 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. ஒப்பந்த நகலும் பாஸ்புக்கும் தர மறுத்தால் அதில் சேராதீர்கள். அதே 5,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடுங்கள். 60 மாதத் திட்டம், அரசுப் பொறுப்பு. வட்டி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் அந்த 20 பேரில் எவர் தவணை தவறினாலும் உங்கள் பணத்துக்கு ஒன்றும் ஆகாது.