சின்ன வாய் பீரங்கியால் கோட்டைச் சுவர் உடையாதே, பிறகு போரில் அதற்கு என்ன வேலை?

தக்கலைக்காரன் என்பதால் உதயகிரிக் கோட்டையைப் பார்த்துதான் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. குளச்சல் போரில் (1741) பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காகப் பீரங்கி வார்க்கும் உலை வைத்த இடம் அது.

சுவரை உடைப்பது பெரிய பீரங்கியின் வேலை. சின்னதற்குக் குறி ஆளும் குதிரையும்தான். மூன்று பவுண்டு பீரங்கியின் இரும்புக் குண்டு ஏறக்குறைய கிரிக்கெட் பந்து அளவு, எடை 1.4 கிலோ (பெயரில் உள்ள மூன்று பவுண்டு என்பது குண்டின் எடைதான்). நெருங்கி நிற்கும் வரிசையில் விழுந்தால் ஒருவரோடு நிற்காது. தரையில் பட்டுத் துள்ளி அடுத்தவரையும் அடிக்கும். எதிரி கிட்டே வந்துவிட்டால் தகர டப்பாவில் அடைத்த சிறு குண்டுகள். வாயை விட்டு வெளியே வந்ததும் டப்பா சிதறி, குண்டுகள் விசிறி போலப் பாயும். அதுதான் ரொம்பக் கொடூரம்.

அப்புறம், நகர்த்தும் வசதி. ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் மூன்று பவுண்டு பீரங்கியை ஒரே குதிரை இழுக்கும். அவசரத்துக்கு மூன்று நான்கு பேரே தள்ளுவார்கள். வெடிமருந்தும் குண்டும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததால் சட்டென்று நிரப்பலாம். 1631-இல் ஜெர்மனியின் பிரைட்டன்ஃபெல்டில் நடந்த போரில் காலாட்படைக்கு நடுவிலேயே அவை நின்று சுட்டன. டன் கணக்கில் எடையுள்ள முற்றுகைப் பீரங்கியைச் சண்டை நடுவே இப்படி இடம் மாற்றவே முடியாது.