ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: ஊசி போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்காக வேலூரில் 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். சிறுநீர் போக டியூப் போட்டு, பிறகு எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் ஒரு நிம்மதிக்காக நாங்களே சிறுநீரைப் பிடித்து, பஸ்ஸில் வேலூர் கொண்டுபோய் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்தோம். ஈ.கோலை என்ற கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’. காய்ச்சலோ எரிச்சலோ இல்லை. டாக்டர் மருந்தே வேண்டாம் என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் மெரோபெனம் ஊசி போடச் சொல்கிறார்கள். வீட்டில் 5 மாதக் குழந்தை வேறு இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: டாக்டர் சொன்னதுதான் சரி. இப்போதைக்கு ஊசி வேண்டாம்.

அந்த ‘ஆர்’ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும். சிறுநீரில் வளர்ந்த கிருமியை ஒரு தட்டில் மாவு தடவியது போலப் பரப்பி, மேலே மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் காலை பார்த்தால், கிருமியைக் கொல்லும் மருந்தைச் சுற்றி வட்டமாக வெறுமையாக இருக்கும். கொல்லாத மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நிற்கும். அதற்குப் பெயர்தான் ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட்). இந்த மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்பாவுக்கு நோய் இருக்கிறதா, எவ்வளவு கடுமை என்பதைத் தட்டு சொல்லாது. அதை அவர் உடம்புதான் சொல்ல வேண்டும்.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். அது சிறுநீர்ப்பையில் தங்கியிருந்தும் தொந்தரவு தராமல் இருப்பது வயதானவர்களிடம் சாதாரணம். சர்க்கரை இருந்தாலும் இதே கதைதான். தொந்தரவு இல்லாதபோது மருந்து கொடுத்தால் பலன் இல்லை. குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முரட்டுக் கிருமிக்கு இடம் காலியாகும். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களும் மட்டும் இதற்கு விலக்கு.

இன்னொன்று. ஈ.கோலை நல்ல சூட்டில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். வேலூர் வெயிலில், பஸ்ஸில், பைக்குள் இருந்த பாட்டிலில் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். இனி எடுக்கச் சொன்னால் லேபிலேயே, முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் பிடித்து, உடனே கொடுங்கள்.

மெரோபெனம் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஐசியுவில் ரத்தத்தில் கிருமி ஏறி உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு நாங்கள் கையில் எடுக்கும் மருந்து அது. அதையே செரித்துவிடும் என்டிஎம் என்ற நொதி கொண்ட கிருமிகள் சென்னையில் பரவியிருப்பது 2010-லேயே ஆய்வில் வெளிவந்தது. அந்த மரபணுவை ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியும். அந்தக் கிருமி தொற்றிய நோயாளிக்கு அடுத்து, கிட்னியைப் பதம் பார்க்கும் கொலிஸ்டின் உட்பட ஒருசில மருந்துகள்தான் மிஞ்சும். மருந்துச் சீட்டு இல்லாமல் மெரோபெனத்தை விற்கவும் கூடாது. 2014 முதல் இது ‘எச்1’ என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்? குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி, எரிச்சல், சிறுநீர் குறைவது, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

குழந்தையைத் தாத்தா தாராளமாகத் தூக்கலாம். கக்கூஸ் போய்வந்த பிறகும், குழந்தையைத் தொடும் முன்னும் அவர் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். அவர் துணியை மாற்றிவிடுகிறவரும் அப்படியே. தனி அறை, தனித் தட்டு எதுவும் வேண்டாம்.

அப்புறம், அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் ஃபைலிலேயே சொருகி வையுங்கள். நாளை அப்பாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து அட்மிட் செய்ய நேர்ந்தால், புது கல்ச்சர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் ஊசி எது என்று டாக்டர் அன்று ராத்திரியே முடிவெடுக்க அந்தப் பழைய தாள்தான் கைகொடுக்கும்.