வளையலுக்கு அரை வரிதானா?

கேள்வி: எனக்கு 40 வயது. சொந்த ஊர் செங்கோட்டை. பெங்களூரில் மென்பொருள் வேலை. கோயில் கொடைக்கு வந்தபோது பரணில் ஒரு பழைய சிடி கிடைத்தது. ஃபோர் டெட் என்ற பெயரில் இசையமைக்கும் லண்டன் மின்னணு இசைக் கலைஞர் கீரன் ஹெப்டனின் இசையையும், பிறர் பாடல்களை அவர் மாற்றியமைத்த ரீமிக்ஸ்களையும் கோத்து, 2006இல் நானே தயாரித்த 74 நிமிடத் தொகுப்பு அது. அக்காவின் வளையல்களை அடகு வைத்து வாங்கிய கம்ப்யூட்டரில் (அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை) இரவெல்லாம் கண்விழித்துச் செய்தேன். இப்போது கேட்டால் பல இடங்களில் தாளம் இடறுகிறது. புதிய மென்பொருளில் சரிசெய்யட்டுமா, அப்படியே விடட்டுமா? 2008இல் அக்காவை மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் இருக்கும் புனலூரில் கட்டிக்கொடுத்த பிறகு இதைக் கேட்டு ரசிக்க வீட்டில் ஆளும் இல்லை. ரயில் நின்றதிலிருந்து அவளும் அதிகம் வருவதில்லை.

பதில்: சிடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. பழைய தொகுப்பில் கை வைக்காதீர்கள். வீட்டில் எழுதிய சிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். இத்தனை வருடம் பரணில் கிடந்தது இன்னும் பாடுவதே பெரிது. இன்றே அதைத் தரம் குறையாத கோப்பாகப் படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அன்று நீங்கள் சேர்த்தவை அளவு சிறிதாக வேண்டும் என்று ஒலியைச் சுருக்கிய எம்பி3 கோப்புகள் என்றால், சுருக்கும்போது கழித்துவிட்ட ஒலியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. நல்ல தரத்தில் கேட்க ஆசை இருந்தால், அவருடைய ரீமிக்ஸ்கள் அதே 2006இல் இரட்டை சிடியாக முறைப்படி வந்திருக்கின்றன. தாளம் இடறுவதற்கும் காரணம் உண்டு. 2003இல் வந்த ‘ரவுண்ட்ஸ்’ ஆல்பத்தைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டிய துண்டுகளால் கட்டினார் அவர். அந்தத் துண்டுகளில் மனிதர்கள் கையால் வாசித்த டிரம்மின் தாளம் இயந்திரக் கணக்குக்கு அடங்காது. புதிதாகச் செய்ய வேண்டுமானால் தனியாக இன்னொன்று செய்யுங்கள்.

இனி வளையலுக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் எந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்து எழுதியிருக்கிறீர்கள். 2015இல் வந்த ‘மார்னிங்/ஈவ்னிங்’ ஆல்பத்தில் கேட்கும் லதா மங்கேஷ்கரின் குரல் 1983இல் வந்த இந்திப் படப் பாட்டு என்பதுவரை தெரிகிறது. ஹெப்டனின் அம்மா தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி என்பதும் தெரிகிறது. முன்பின் பார்த்திராத ஒருவருடைய ஒவ்வொரு துண்டுக்கும் மூலம் தேடிய உங்களுக்கு, உங்கள் கம்ப்யூட்டரின் மூலத்தை எழுத அரை வரிதான் கிடைத்ததா? அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, அக்காவின் சார்பில் நீங்களே தீர்ப்பும் சொல்லியிருக்கிறீர்கள்.

எத்தனை பவுன்? யார் பெயரில் அடகு? திருப்பினீர்களா, மூழ்கிவிட்டதா? நான்கு பக்கத்தில் ஒரு சொல் இல்லை. திருப்பியிருந்தால் எழுதியிருப்பீர்கள். இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வருகின்றன. கொடுத்துத் தீர்த்த கடனை யாரும் அடைப்புக்குறிக்குள் வைப்பதில்லை.

அக்காவின் கல்யாணம் 2008 என்கிறீர்கள். அதற்குள் அந்த வளையல்கள் வீட்டுக்கு வந்துவிட்டனவா? நம் பக்கத்தில் பெண்ணை மலைக்கு அந்தப்புறம் கொடுக்கும்போது, கழுத்திலும் கையிலும் என்ன கிடக்கிறது என்று பார்க்காத சம்பந்தி வீடு உண்டா? அன்று மணமேடையில் அவர் கையில் கிடந்தது எது? அம்மா தன்னுடையதைக் கழற்றிப் போட்டாரா? நீங்கள் அந்தப் பந்தலில்தான் நின்றிருப்பீர்கள். ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

தம்பி படிக்கட்டும் என்று கழற்றிக் கொடுத்த பெண், புகுந்த வீட்டிலிருந்துகொண்டு பிறந்த வீட்டில் கணக்குக் கேட்க மாட்டார். கேட்டால் பெற்றவர்களுக்குத் தலைகுனிவு என்று நினைப்பார். அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவது ஆண்பிள்ளைகளுக்கு வசதி. கூடப் பிறந்தவளின் நகையில் படித்தவன், அவள் கேட்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. நீங்கள் இன்று வாங்கும் சம்பளத்தின் தொடக்கமும் அந்தக் கம்ப்யூட்டர்தான் என்று நினைக்கிறேன்.

ரயிலைச் சாக்குச் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபம். செங்கோட்டை–புனலூர் மீட்டர் பாதையை மூடி 2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்தியது உண்மை. 2018இல் அகலப் பாதையில் திரும்ப வந்துவிட்டதே! அது ஓடாத வருடங்களிலும் புளியரை வளைவுகளில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. அக்கா வருவதில்லை என்கிறீர்கள். நீங்கள் எத்தனை முறை போனீர்கள்? பொங்கல்படியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா, பணத்தை அனுப்பிவிட்டு பெங்களூரில் இருந்துவிட்டீர்களா? செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். குறுக்கே மாநில எல்லை விழுந்த பிறகும் இந்தப் பக்கத்து அண்ணன் தம்பிகள் சீர் சுமந்து மலையைக் கடப்பதை நிறுத்தவில்லை. ரசிக்க ஆள் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அன்று கேட்டு ரசித்த ஒரே ஆள் மலைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறார், தம்பி.

கொடை முடிந்து பெங்களூருக்குத் திரும்புவதற்கு முன் அம்மாவிடம் வளையல்களின் எடையைக் கேளுங்கள். அம்மாக்களுக்கு நகை எடை மறக்காது. 2006இல் பவுன் ஏழாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று அதன் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. அன்றைய அடகுத் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பவுனுக்குப் பவுன், வளையலாகவே வாங்குங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் இரண்டு தவணையாக வாங்குங்கள். முதல் தவணை இந்த வருடமே. மனைவியிடம் முழு விவரத்தையும் சொல்லி அவரையும் அழைத்துப் போங்கள். மறைத்துச் செய்தால் நாளை இரண்டு குடும்பத்துக்கும் இடையில் அதுவே மனத்தாங்கலாகும்.

அக்கா வேண்டாம் என்றுதான் சொல்லுவார். அத்தான் முன்னால் பேச்சை எடுக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கையில் போட்டுவிடுங்கள். அடகு வைத்த விஷயமே அந்த வீட்டுக்கு இதுவரை தெரியாமல் இருக்கலாம்.