ஃபேட்டி லிவர், சர்க்கரை, குப்ஃபர் செல்கள்: கேள்வி பதில்

அம்மாவுக்கு ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'. சர்க்கரையும் உண்டு. ராத்திரி இரண்டு இட்லிதான் சாப்பிடுகிறார், காலையில் 160 காட்டுகிறது. எப்படி?

அந்தச் சர்க்கரை இட்லியிலிருந்து வந்ததில்லை. நாம் தூங்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது பெரும்பாலும் ஈரல். 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். அம்மாவின் ஈரல் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை.

இதில் நோய் எதிர்ப்பு செல்களுக்கு என்ன வேலை?

குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே ரத்தக்குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, தப்பி வரும் பாக்டீரியாத் துணுக்குகளை விழுங்குபவை குப்ஃபர் செல்கள். உடல் பருத்து ஈரலில் கொழுப்பு ஏறினால் இவை உசுப்பப்பட்டு, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற, அழற்சியைக் கிளப்பும் பொருட்களைச் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புது எதிர்ப்பு செல்கள் வந்து சேர்கின்றன. இந்தக் களேபரத்தில் இன்சுலினின் சமிக்ஞை ஈரல் செல்லுக்குள் பாதியிலேயே அறுந்துபோகிறது.

பெயரைப் பற்றி ஒரு வேடிக்கை. 1876-ல் குப்ஃபர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் ஈரலில் நரம்பு தேடித் தங்க உப்புச் சாயம் ஏற்றினார். நட்சத்திர வடிவில் செல்கள் தெரிந்தன. அவை வைட்டமின் ஏ சேமிக்கும் வேறு செல்கள் என்று 1971-ல் ஜப்பானின் கென்ஜிரோ வாகே காட்டினார். அதற்குள் குப்ஃபரின் பெயர் துணுக்குகளை விழுங்கும் காவல்கார செல்களுக்கு ஒட்டிவிட்டது. காவல்காரர்கள் ஓயாமல் கத்தினால் ஈரலில் தழும்பு போடுவது அந்த நட்சத்திர செல்கள்தான்.

அப்படியானால் குப்ஃபர் செல்களை அழித்துவிட்டால்?

எலிகளில் செய்தார்கள். கொழுப்புத் தீனி தின்றும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. மனிதரிடம் செய்தால் குடல் கிருமிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சரி, டிஎன்எஃப்பை மட்டும் தடுக்கலாமே என்று நோயாளிகளுக்கு ஊசி போட்டும் பார்த்தார்கள்; சர்க்கரை பெரிதாக அசையவில்லை. கத்துவது அது ஒன்று மட்டும் இல்லையே.

ஆஸ்பிரின் அழற்சியைக் குறைக்குமாமே, தினமும் போடலாமா?

வேண்டாம். ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்தான சாலிசிலேட் சிறுநீர்ச் சர்க்கரையைக் குறைப்பதை ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்ற டாக்டர் எழுதியதும் அதே 1876-ல்தான். ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவில் ஆஸ்பிரின் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும்.

நான் ஒல்லி. எனக்கு வராதுதானே?

வரும். தராசை விடுங்கள், டேப்பை எடுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80. தாண்டினால் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது என்ன செய்ய? (முதல் கேள்வி கேட்டவர்)

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலின் அழற்சியே தணிகிறது. 70 கிலோ என்றால் ஐந்து முதல் ஏழு கிலோ. மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். அப்புறம், 'கிரேடு' கொழுப்பைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. அம்மாவின் வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் ஈரல் என்சைம்கள்), பிளேட்லெட் நான்கையும் வைத்து, தழும்பு இருக்கிறதா என்று கணிக்கும் ஃபிப்-4 கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தனி டெஸ்ட் வேண்டாம், பழைய ரத்த ரிப்போர்ட்டிலேயே பெரும்பாலும் இருக்கும்.