கொட்டேஷனில் ‘பைஃபேசிக், 200 ஜூல்’ என்றால் என்ன?

கேள்வி: எங்களுடையது குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். திருவிழாக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் உதவும் என்று, சர்ச் பங்குப்பேரவையில் ஏ.இ.டி. மெஷின் (இதயம் தாளம் தப்பி மயங்கி விழுந்தவருக்கு மின்ஷாக் கொடுக்கும் கருவி) வாங்க முடிவாகியிருக்கிறது. கொட்டேஷனில் ‘செமி ஆட்டோமேட்டிக், பைஃபேசிக், 200 ஜூல், ஐ.பி.55, ஸ்டாண்ட்பை 5 வருடம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒன்றும் விளங்கவில்லை. தப்பான ஆளுக்கு ஷாக் கொடுத்துவிட மாட்டோமா? பழைய மெஷின் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: ஷாக் தேவையா என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை, மெஷின். வெறும் மார்பில் ஒட்டும் இரண்டு பேட் வழியாக அது இதயத் துடிப்பைப் படிக்கிறது. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடித்தாலோ, ரத்தத்தைத் தள்ள முடியாத வேகத்தில் அடித்தாலோதான் சார்ஜ் ஏறும். செண்டைமேளம் தாளம் தப்பி ஆளாளுக்கு அடிக்கும்போது ஆசான் கையைத் தூக்கி மொத்தமாக நிறுத்துவாரே, ஷாக்கின் வேலை அதுதான். நின்ற பிறகு இதயம் தன் தாளத்தைத் தானே பிடிக்க வேண்டும். சினிமாவில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பார்கள். நிஜத்தில் நேர்கோட்டுக்கு மெஷின் ஷாக் கொடுக்காது.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் மட்டும் பேட் ஒட்டுங்கள். நெஞ்சுவலி என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி கொட்டேஷன். செமி ஆட்டோமேட்டிக் என்றால் மெஷின் சொன்னதும் பட்டனை நீங்கள் அமுக்க வேண்டும். முழு ஆட்டோமேட்டிக், எச்சரித்துவிட்டுத் தானே ஷாக் கொடுத்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு அமுக்கும் செமிதான் என் தேர்வு. பைஃபேசிக் என்றால் மின்சாரம் ஒரு திசையில் போய், பிறகு எதிர்த்திசையில் திரும்பும். பழைய ஒருவழி முறையைவிடக் குறைந்த சக்தியே போதும். இப்போது விற்பவை பெரும்பாலும் இதுதான், இதற்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஜூல் என்பது ஷாக்கின் அளவு. அலைவடிவம், அதாவது மின்சாரம் பாயும் விதம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் 360 என்று போட்டிருப்பது 200-ஐவிட உசத்தி என்று சொல்லிவிட முடியாது.

ஐ.பி.55-இல் முதல் 5 தூசிக்கு, அடுத்த 5 பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு. உப்புக்காற்றுக்கு அது உத்தரவாதம் ஆகாது. வலை வைக்கும் ஷெட்டிலோ வெயில் காயும் இடத்திலோ வைக்க வேண்டாம். பூட்டிய பீரோவும் வேண்டாம். சாவியைத் தேட நேரம் இருக்காது. ஷாக் கிடைக்காமல், மார்பை அழுத்தவும் ஆளில்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை தாங்காது.

ஸ்டாண்ட்பை 5 வருடம் என்பது உபயோகிக்காமல் வைத்திருந்தால் பேட்டரி தாங்கும் காலம். வாரண்டி வேறு. பேட்டுக்குத் தனி காலாவதித் தேதி உண்டு, ஜெல் காய்ந்துவிடும். ஒருமுறை ஒட்டினால் அதோடு சரி. பிற்காலச் செலவெல்லாம் இதில்தான். பேட், பேட்டரி விலையைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பழைய மெஷின் வேண்டாம் என்பதும் இதனால்தான்: மாடலை நிறுத்தியிருந்தால் பேட் கிடைக்காது.

குரல் தமிழில் வருகிறதா என்று காதால் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பையில் ஒரு துண்டும் ரேசரும் கிடக்கட்டும். கடலிலிருந்து ஏறியவரின் மார்பைத் துடைக்காமல் ஒட்டினால் மின்சாரம் ஈரத்தோலின் மேலாகவே ஓடிவிடும்; முடி அடர்ந்திருந்தால் பேட் ஒட்டாது.

லேபிளில் உரிம எண், பில்லில் சீரியல் நம்பர், இரண்டையும் பாருங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் குழந்தைக்கும் ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம். பேஸ்மேக்கர் புடைப்பின் மேல் மட்டும் வேண்டாம், தள்ளி ஒட்டுங்கள். 8 வயதுக்குக் கீழே என்றால் குழந்தை பேட். அது இல்லாவிட்டால் பெரியவர் பேட்டையே மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று.